நாருள்ள உணவும் வயிற்று வாயுவும்

(கமக்காரருக்கு நிகழ்த்திய பேச்சு)



நெல்லைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், பூச்சி புழுக்களைப் பற்றியும் இத்தகைய துண்டுப் பிரசுரங்களில் நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வயலிலே விளைவதைப் பற்றியதன்று. விளைந்தது வயிற்றினுட் சென்றபின் நிகழ்வதைப் பற்றியது. வயிற்று வாயு என்றதும் சிலர் சிரிப்பர், சிலர் நாணுவர். ஆயினும் இதனை அறியாமையால் நம்மவர் நல்ல உணவைக் கைவிடுகின்றனர். ஆதலால் வெளிப்படையாகப் பேசுதல் அவசியமாகின்றது.

பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைக் கொண்டு பயறு விதைத்து, ஏறக்குறைய அறுபது எழுபது நாட்களில் அறுவடை செய்யலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பயற்றின் வேர்முடிச்சுக்கள் நிலத்துக்கு நைதரசனையும் சேர்க்கின்றன. இவ்வாறு பயன்பெறுவோர் பலர். ஆனால் விளைந்த பயறு முழுவதும் சாக்கிலே கட்டப்பட்டுச் சந்தைக்குச் செல்கின்றது. வீட்டு உலையிலோ நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி கொதிக்கின்றது. காலையுணவு கோதுமைமாப் பாணாக இருக்கின்றது. காரணம் யாதென வினவினால், "பயறும் கௌபியும் எங்களுக்கு ஒத்துவரமாட்டா, வயிறு ஊதும்" என்று விடை வருகின்றது. தவிடு நீக்காத அரிசிக்கும், குரக்கனுக்கும், கீரைக்கும் இதே பழி சுமத்தப்படுகின்றது. இவற்றை விளைவிப்பவரே இவற்றை உண்ண அஞ்சுவது பெருங்குறையன்றோ?

நார் என்பது யாது?

தானியத்தின் தவிடு, பயற்றின் தோல், கீரையின் தண்டு, பழத்தின் சதை ஆகியவற்றிலே நமது சிறுகுடலிற் சமிபாடடையாத பகுதி உண்டு. அதனையே நார் என்கின்றோம். அது தும்புபோலக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வெண்டிக்காயின் வழுவழுப்பும் நாரே. ஊறிய வெந்தயத்தின் பசையும் நாரே.

உலர்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 16 கிராம் நார் உண்டு. கௌபியிலும் குரக்கனிலும் 11 கிராம் அளவில் உண்டு. தவிடு நீக்காத அரிசியில் 3 முதல் 4 கிராம் வரை இருக்கும். அதே அரிசியை வெள்ளையாகத் தீட்டினால் எஞ்சுவது ஒன்று ஒன்றரைக் கிராமேயாம். மிகுதி ஆலையிலே தவிடாகி மாட்டுக்கும் கோழிக்கும் போகின்றது.

வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நாரும், 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இது எட்டாத அளவன்று. ஒரு நாளில் தவிடு நீக்காத அரிசி 250 கிராமும், பயறு 50 கிராமும், கீரை, மரக்கறி, பழம் என்பன 400 கிராமும் உண்பவருக்கு இவ்வளவும் கிடைத்துவிடும். வெள்ளைச் சோறும் சொதியும் மாத்திரம் உண்பவருக்கு அதிற் காற்பங்கு கிடைப்பதும் அரிது.

வாயு எவ்வாறு உண்டாகின்றது?

இதனை விளங்கிக்கொள்ள உங்கள் பட்டியில் நிற்கும் மாட்டைப் பாருங்கள். வைக்கோலை மாடு தானாகச் சமிபாடு செய்வதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்கச் செய்கின்றன. அதிலிருந்து வரும் சத்தையே மாடு பெறுகின்றது. அவ்வேளையில் உண்டாகும் வாயுவை ஏப்பமாக வெளியே விடுகின்றது.

நமது பெருங்குடலிலும் சிறிய அளவில் இதே வேலை நடைபெறுகின்றது. சிறுகுடலிற் சமிபாடடையாத நாரும் சிலவகைச் சீனிகளும் பெருங்குடலை அடைகின்றன. அங்கு வாழும் பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்கின்றன. அப்போது ஐதரசனும் காபனீரொட்சைட்டும், சிலரிடத்தில் மெதேனும் உண்டாகின்றன. இம்மூன்றுக்கும் மணமில்லை. கெட்ட நாற்றம் வருவது மிகச் சிறிய அளவிலுள்ள கந்தகச் சேர்வைகளால் ஆகும். முட்டை, இறைச்சி, கோவா, உள்ளி ஆகியன கந்தகம் மிக்கவை. ஆகையால் நாற்றத்துக்கெல்லாம் பயற்றையே குற்றஞ்சாட்டுதல் நியாயமாகாது.

பயறு, கௌபி, கடலை முதலிய அவரையினங்களில் ரபினோசு, ஸ்ரக்கியோசு என்னும் சீனிகள் உண்டு. இவற்றை உடைப்பதற்குரிய நொதியம் மனிதனின் குடலில் இல்லை. விதையோ முளைக்கும்போது இச்சீனிகளைத் தன் முதலுணவாக உபயோகித்துக்கொள்கின்றது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் முறையைக் கூறும்போது இது பயன்படும்.

வெங்காயத்திலும் உள்ளியிலும் கோதுமையிலும் வேறொருவகை நார் உண்டு. அதுவும் வாயுவை உண்டாக்கும். பருப்புக்கறியில் வெங்காயத்தையும் உள்ளியையும் நிறையப் போட்டுவிட்டுப் பருப்பை மாத்திரம் நோவோர் பலர். பாலிலுள்ள சீனி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பால்தேநீரும் வயிற்றை ஊதச் செய்யும்.

சுகமாயுள்ள ஒருவருடைய குடலில் நாளொன்றுக்கு அரை இலீற்றர் முதல் ஒன்றரை இலீற்றர் வரை வாயு உண்டாகும். பத்துப் பதினைந்து தடவை, சிலருக்கு இருபது தடவை வரையும் அது வெளியேறுதல் இயல்பு. இது நோயன்று, பெருங்குடல் வேலை செய்கின்றது என்பதன் அடையாளமேயாகும்.

வாயுவோடு வரும் நன்மைகள்

பற்றீரியாக்கள் நாரை நொதிக்கச் செய்யும்போது வாயு மாத்திரம் உண்டாவதில்லை. சிலவகைக் கொழுப்பமிலங்களும் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு நேரடி உணவாகின்றது. நொதிக்காத நார் நீரைப் பிடித்துவைத்து மலத்தை மிருதுவாக்குகின்றது. முக்க வேண்டியதில்லை, ஆகவே மூலநோயின் தொல்லையும் குறைகின்றது. உணவிலுள்ள மாச்சத்து இரத்தத்திற் சீனியாகச் சேரும் வேகத்தையும் நார் தணிக்கின்றது. நீரிழிவு நோய் நகரத்தாரை மட்டுமன்றிக் கிராமத்தாரையும் பற்றியுள்ள இந்நாளில் இது சிறிய நன்மையன்று.

உகண்டா நாட்டிற் பல ஆண்டுகள் பணிபுரிந்த டெனிசு பேர்க்கிற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், தம் துணையாளருடன் 1972ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். நார் மிகுந்த உணவை உண்ட ஆபிரிக்கக் கிராமத்தவரின் குடலில் உணவு ஏறக்குறைய ஒன்றரை நாளிற் கடந்து சென்றது. தீட்டிய மாவை உண்ட ஆங்கிலேயருக்கோ மூன்று நாள் வரை சென்றது. நாரைப் பயனற்ற சக்கை என்று கருதிய காலம் அதன்பின் மாறத் தொடங்கிற்று.

திடீர் மாற்றமே தொல்லைக்குக் காரணம்

வைக்கோலே தின்று பழகிய மாட்டை ஒருநாட் காலையில் இளம் பயற்றங்கொடியில் வயிறு நிறைய மேயவிடுவீர்களா? விடமாட்டீர்கள். மாடு வயிறு ஊதி வீழ்ந்துவிடும் என்பதை அறிவீர்கள். புதிய தீனியைச் சிறிது சிறிதாகவே பழக்குவீர்கள். மாட்டுக்குக் காட்டும் இந்தப் பொறுமையை நமது வயிற்றுக்கு ஏன் காட்டுவதில்லை?

மாதக்கணக்காக வெள்ளைச் சோறும் பாணும் உண்டவர் ஒருநாள் ஒரு கோப்பை நிறையக் கௌபி உண்டால் வயிறு ஊதவே செய்யும். அதனைக் கண்டு என்றைக்குமாகக் கௌபியை வெறுப்பது தவறு. அமெரிக்காவிலே நாள்தோறும் அரைக் கோப்பை அவரை விதைகளைப் பலருக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகள் 2011ஆம் ஆண்டில் வெளியாயின. முதற்கிழமையிற்கூட வாயுப் பெருகியது என்றவர்கள் பாதிப்பேரளவினரே. கௌபி உண்டவர்களுள் ஐவருக்கு ஒருவர் என்னும் அளவினரே அவ்வாறு கூறினர். கிழமைகள் செல்லச் செல்ல அத்தொல்லையும் பெரும்பாலாருக்குக் குறைந்துவிட்டது. பெருங்குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் புதிய உணவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். அதற்குச் சில கிழமைகள் வேண்டும்.

ஆதலால் முதற்கிழமையில் ஒன்றைவிட்டொரு நாள் இரண்டு மேசைக்கரண்டி அவித்த பயறு போதும். அடுத்த கிழமையில் நான்கு கரண்டியாக்குங்கள். ஒரு மாதத்தில் அரைக் கோப்பை அளவை அடையலாம். சோற்றிலும் முதலில் வெள்ளையரிசியுடன் காற்பங்கு தவிட்டரிசியைக் கலந்து, படிப்படியாக அதிகரித்துக்கொள்ளுங்கள்.

அடுப்படியிற் செய்யத்தக்கவை

1. பயறு, கௌபி, கடலை ஆகியவற்றை முந்திய இரவே மூன்று நான்கு மடங்கு நீரில் ஊறவிடுங்கள். காலையில் அந்நீரை ஊற்றிவிட்டு, நன்றாக அலசிப் புதுநீரில் அவியுங்கள். வாயுவை உண்டாக்கும் சீனியில் ஒரு பகுதி ஊறிய நீரோடு போய்விடும். அந்நீரைக் கத்தரிக்கன்றுக்கு ஊற்றலாம்.

2. ஊறிய பயற்றை ஈரத்துணியிற் கட்டி ஒருநாள் வைத்தால் முளைவிடும். விதை தன் சீனியைத் தானே உபயோகித்துக்கொள்வதால் நமக்கு வாயுத் தொல்லை குறையும். விற்றமின் சீயும் பெருகும். முளைப்பயற்றைப் பச்சையாக உண்ணாது அவித்தே உண்ணுங்கள்.

3. விரலால் அழுத்தினால் மசியும்வரை அவியுங்கள். அரைவேக்காடு வயிற்றுக்கு ஆகாது. விரைவில் வேகவேண்டும் என்று அப்பச்சோடாவைச் சேர்க்காதீர்கள். அது விற்றமின் பீ ஒன்றை அழித்துவிடும்.

4. உழுந்தை அரைத்துப் புளிக்கவைத்துத் தோசையாகவும் இட்டலியாகவும் உண்ணும் வழக்கம் மிக நன்று. குடலிற் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதி மாப்பானையிலேயே முடிந்துவிடுகின்றது.

5. இஞ்சி, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றை முன்னோர் சேர்த்தனர். அவை சுவையும் சிலருக்கு ஆறுதலும் தரும். ஆயினும் ஊறவைத்தலுக்கு அவை ஈடாகமாட்டா.

6. வாயுத் தொல்லை மிகுந்தவர்கள் பலாக்கொட்டை, கோவா, கௌபி ஆகியவற்றை ஒரே நேரத்திற் சேர்த்து உண்ண வேண்டாம். தோல் நீக்கிய பாசிப்பயற்றில் தொடங்குவது நன்று.

7. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பரிசியையும் வெள்ளையாகத் தீட்டிவிட்டாற் பயனில்லை. குறைவாகத் தீட்டுமாறு ஆலையிற் சொல்லுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இவ்வரிசி விரைவிற் சிக்குமணம் பெறும். ஆகவே இரண்டு கிழமைக்குப் போதிய அளவையே ஒருமுறையிற் குற்றுவியுங்கள்.

உண்ணும் முறை

வயலுக்கு ஓடும் அவசரத்தில் உணவை விழுங்குவோர் காற்றையும் சேர்த்தே விழுங்குகின்றனர். ஏப்பமாக வருவது பெரும்பாலும் இக்காற்றேயாம். மென்று உண்ணுங்கள். புகைத்தலும் ஓயாது வெற்றிலை மெல்லுதலும் காற்றை உட்செலுத்தும். அவற்றால் வரும் பெருங்கேடுகளை நீங்கள் அறிவீர்கள்.

நாரை உண்டு நீரைக் குடியாவிட்டால் மலம் இறுகும். ஈரமில்லாத கூட்டெருக் குவியல் உக்காது கிடப்பதை நீங்கள் கண்டதில்லையா? வெயிலில் வேலை செய்வோர் தாகம் வரும்வரை காத்திராது அடிக்கடி நீர் அருந்துதல் வேண்டும். சாய்ந்து படுப்பதிலும் உணவுக்குப்பின் சிறிது நடத்தல் வாயுவை வெளியேற்ற உதவும்.

சிறுநீரக நோய் உடையோர் கீரை, பயறு, பழம் ஆகியவற்றின் அளவை மருத்துவர் சொற்படியே அமைத்துக்கொள்ள வேண்டும். நான் கூறியவை அவர்களுக்கு அப்படியே பொருந்தமாட்டா.

வாயு என்று எண்ணி ஏமாறாதீர்கள்

இப்பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டுமே நினைவிற்கொள்வதானால் இதனையே கொள்ளுங்கள். நெஞ்சிலே இறுக்கம், இடது தோள், கை, தாடை ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல். இவை வந்தபோது "வாயுக்குத்து" என்று சொல்லி, இஞ்சியும் ஓமமும் அவித்துக் குடித்துவிட்டுப் படுப்பது நம்மவர் வழக்கம். அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத்தின் தசையை அழிக்கின்றது. தாமதியாது 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்சு வண்டி வரும். வாயுவாக இருந்து நீங்கள் வீணே சென்றதாக முடிந்தால், அதனால் நட்டமொன்றும் இல்லை. நீரிழிவு உடையோருக்கு வலி அதிகமில்லாமலும் மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

மலத்தோடு இரத்தம் போதல், காரணமின்றி உடல் மெலிதல், நடுவயதின்பின் மலங்கழியும் வழக்கம் மாறி நீடித்தல், வயிறு ஊதி வாயுவும் மலமும் அறவே வெளியேறாது வாந்தி எடுத்தல் ஆகியனவும் சாதாரண வாயுவின் குணங்களல்ல. வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இவற்றைச் சொல்ல நாணப்பட வேண்டியதில்லை.

அன்பர்களே, அடுத்த முறை பயறு அடித்துச் சாக்கில் நிரப்பும்போது, வாயைக் கட்டுவதற்கு முன் வீட்டுக்கென ஒரு பங்கை அளந்து எடுத்துவையுங்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்கு, ஆளுக்கு 50 கிராமாகக் கிழமையில் நான்கு நாட்கள் சமைப்பதானால், மாதத்துக்கு மூன்றரைக் கிலோ போதும். சந்தையில் நீங்கள் இழப்பது சிறிது. உடலிற் சேர்வது பெரிது. அதனை இன்றிரவு ஊறவிடுங்கள், சிறிதளவிலே தொடங்குங்கள், ஒரு மாதம் பொறுத்திருங்கள். உங்கள் வயல் உங்களுக்கும் உணவளிக்கட்டும்.