நாய் ஏன் தன் வாலைக் கடிக்கிறது?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



ஆட்டுப் பட்டிக்கும் களத்துக்கும் காவல் இருக்கிற நாயைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம். மாட்டுக்கு ஒன்று என்றால் உடனே மருந்தகத்துக்கு ஓடுகிறோம். நாய் விஷயத்தில் அந்த அக்கறை இருப்பதில்லை. அது தன் வாலைத் தானே துரத்திச் சுற்றினால், பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம். அதில் சிரிக்க வேண்டிய இடமும் உண்டு. சிரிக்கக் கூடாத இடமும் உண்டு.

இரண்டு மூன்று மாதக் குட்டி வாலைத் துரத்தினால் அது விளையாட்டு. கண்முன்னால் எது ஆடினாலும் பாய்ந்து பிடிக்கிற வயசு அது. கூப்பிட்டால் விட்டுவிட்டு ஓடி வரும். வளர வளரத் தானே நின்றுவிடும். அதற்குக் கவலை வேண்டாம்.

ஆனால் வளர்ந்த நாய் திடீரென்று வாலைக் கடிக்கத் தொடங்கினால், வாலிலோ அதன் பக்கத்திலோ ஏதோ உபத்திரவம் இருக்கிறது என்று அர்த்தம். காலால் சொறிய எட்டாத இடத்தை நாய் பல்லால்தான் சொறியும். ஆகவே செய்ய வேண்டியது, வாலைத் தூக்கிப் பார்ப்பதுதான்.

பார்ப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. அண்மையில் வேறு நாய் கடித்ததா, குணம் மாறியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்க. வெறிநோய் கண்ட நாய், முன்பு கடிபட்ட இடத்தையே கடித்துக் குதறுவது உண்டு. குரல் மாறுவது, எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, குச்சியையும் கல்லையும் கடிப்பது, இருட்டில் போய் ஒளிவது, இவற்றில் எது தெரிந்தாலும் நாயைத் தொடாதீங்க. பக்கத்தில் போகாமல் கதவைச் சாத்தி அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்க. அது யாரையாவது கடித்திருந்தால், அதன் எச்சில் புண்ணில் பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் நாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்க. வலி இருக்கிற நாய் எஜமானையும் கடிக்கும். வாயைத் துணிநாடாவால் கட்டிவிட்டுப் பாருங்க.

வாலின் அடியிலும் இடுப்பிலும் பின்தொடையிலும் முடி கொட்டிச் சிவந்திருக்கிறதா? அநேகமாகத் தெள்ளுப்பூச்சி. பூச்சி கண்ணில் படாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. ஈரமான வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் நாயின் முடியைச் சீப்பால் வாருங்க. மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக விழுவது துணியில் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு. நாயிடம் குடித்த இரத்தம்தான் அப்படிக் கசிகிறது. சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. இரண்டு மூன்று கடித்தாலே போதும், தோல் புண்ணாகிற வரைக்கும் கடித்துக்கொள்ளும்.

தெள்ளு முட்டையிடுவது நாயின்மேல். ஆனால் முட்டை அங்கே தங்காது; நாய் படுக்கிற சாக்கிலும் மண்ணிலும் உதிர்ந்துவிடும். நம் ஊர் வெக்கையில் மூன்று நான்கு வாரத்தில் புதுத் தெள்ளு கிளம்பும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். அதே நாளில் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்க. படுக்கிற இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்க. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சில மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும்.

வாலுக்குக் கீழே அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. வாலைக் கடிக்கும்போது நாய் தெள்ளை விழுங்குகிறது. அதன் வழியாகவே இந்தப் புழு உள்ளே போகிறது. புழு மருந்தும் கொடுக்க வேண்டும், தெள்ளையும் ஒழிக்க வேண்டும்.

நாய் பிட்டத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்கிறதா? ஆசனவாயின் இரு பக்கமும் இரண்டு சிறு பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் வலிக்கும். நாய் வாலடியைக் கடிக்கும். மருத்துவர் அதைப் பிதுக்கி விடுவார். நீங்களாக அழுத்தாதீங்க.

பகல் முழுக்க ஒரே முளையில் கட்டிப் போட்ட நாயும் வாலைச் சுற்றிச் சுற்றித் துரத்தும். முதலில் சலிப்பில் தொடங்குவது, பிறகு விட முடியாத பழக்கமாகிவிடும். அடித்தால் தீராது. காலையும் மாலையும் அவிழ்த்து வயலுக்குக் கூட்டிப் போங்க.

இனி முக்கியமான விஷயம். நாய்க்குப் பூச்சி என்றதும் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் பி.எச்.சி. பொடியைத் தூவினார்கள், 1997-இல் அது நாட்டிலேயே தடை செய்யப்பட்டது. பயிர் மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். நாய் நக்குவதால் வாய் வழியாகவும் போகும். எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உயிரே போய்விடும். தெரியாமல் ஊற்றிவிட்டால், கையில் உறை மாட்டிக்கொண்டு சோப்பு நீரில் உடனே கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்க. கழிவு எஞ்சின் ஆயிலும் கூடாது. மாட்டுக்குப் பூசுகிற உண்ணி மருந்தைக்கூட அளவு கேட்காமல் நாய்க்குப் பூசாதீங்க. நாய்க்கென்றே மாத்திரையும், முதுகில் விடும் சொட்டு மருந்தும் கிடைக்கின்றன. நாயின் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்க.

கடித்துப் புண்ணாகியிருந்தால், அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவி, ஈ அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்க. ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாலை நறுக்கிவிட்டால் தீரும் என்று அரிவாளை எடுக்காதீங்க. அரிப்பு தீராது, புண்தான் கூடும்.

ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, பேர் இல்லாத நாட்டு நாயோ, எதுவானாலும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடருங்க. அது நாய்க்கு மட்டுமல்ல, அதோடு விளையாடுகிற நம் பிள்ளைகளுக்கும் காப்பு.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. நிமிர்த்த வேண்டாம், காலத்தோடு தூக்கிப் பார்த்தால் போதும்.