காய்ச்சலுக்கு மூன்று நாள் கூலி

(பாறசாலையில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் கூலி உயர்வுக்காகவோ வீட்டு வாடகைக்காகவோ கூடவில்லை. காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போவது என்ற ஒரே கேள்விக்காகக் கூடியிருக்கிறோம். சிறிய கேள்விதான். ஆனால் பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று பரந்து கிடக்கும் நம் குடும்பங்களில், "இவர்தான் எங்கள் டாக்டர், போனால் பார்ப்பார்" என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறோம். செங்கல் சூளையில் வேலை செய்யும் நம் சகோதரி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓராண்டு ஆகவில்லை. ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல். முதல் நாள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் ஓ.பி. சீட்டு முடிந்துவிட்டது. போனிலேயே முன்பதிவு செய்யலாம் என்று இரண்டாம் நாள் யாரோ சொன்னார்கள். ஆதார் எண்ணைப் போட்டார்கள். ஓ.டி.பி. பழைய போன் நம்பருக்குப் போயிற்று. அந்த சிம் கார்டு செத்து மாதங்கள் ஆகிவிட்டன. மூன்றாம் நாள் மாலை ஒரு டாக்டரின் வீட்டு வாசலில் நின்றார். அங்கும் நம்பர் உண்டு. அதைக் காலையிலேயே போனில் சொல்லி வாங்கியிருக்க வேண்டுமாம். எல்லோரும் போன பிறகு, இரவு எட்டரைக்கு உள்ளே விட்டார்கள்.

டாக்டர் கேட்டார்: "பனியுண்டோ?" சகோதரி, "இல்லை சார், வெளியே படுக்கவைக்கவில்லை" என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல வேளையாக டாக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பையன் பிழைத்தான். மூன்று நாள் கூலி போயிற்று; கடன் நின்றது.

இதில் டாக்டரைத் திட்டுவதால் பயனில்லை. ஓ.பி.யில் கூட்டத்தைப் பார்த்துக் களைத்தவர் அவர். கேரளத்தின் சுகாதாரத் துறையைக் குறை கூறவும் நாம் வரவில்லை. 2017-இல் ஆர்த்ரம் திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றாகக் குடும்ப நல மையங்களாக மாற்றப்பட்டன. மூன்று டாக்டர்கள், மாலை ஆறு மணி வரை ஓ.பி., ஒரே இடத்தில் மருந்தும் ஆய்வுக்கூடமும் என்பது அதன் நோக்கம். இது உழைப்பவனுக்கு ஏற்ற நல்ல திட்டம். நம் கேள்வி வேறு: அந்தக் "குடும்பம்" என்ற சொல்லுக்குள் நம் குடும்பம் இருக்கிறதா?

வீட்டு எண் இல்லாத ஷெட்டிலும் லைன் வீட்டிலும் இருக்கிறோம். ஆஷா ஊழியர் வீடு வீடாக எழுதிப் போகும்போது நாம் வேலைக்குப் போயிருக்கிறோம். பல பதிவேடுகளில் நம் பெயரே இல்லை. அந்த ஆஷா ஊழியர்களின் உழைப்பும் மலிவாகவே மதிக்கப்படுகிறது. 2025 பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியவர்கள் அவர்கள். நம் பெயரை எழுதவேண்டியவரும் தொழிலாளிதான். அவரை நாம் தோழராக அணுகவேண்டும்.

"காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்பார்கள் சிலர். ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று பேசப்படும் அட்டையெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் உதவும். படுக்காமல் தடுப்பதற்கு, காய்ச்சல் வந்த அன்றே பார்க்கும் டாக்டர் வேண்டும்.

நாம் பார்க்கும் ரயில்வேயையே எடுத்துக்கொள்வோம். நிரந்தர ஊழியனுக்கு மருத்துவ அட்டை இருக்கிறது. ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதே தண்டவாளத்தில் கான்ட்ராக்டரிடம் ஜல்லி அள்ளுகிறவனுக்கு அந்த அட்டை இல்லை. அட்டை வைத்திருக்கும் நாம் இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். ஆனால் சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. லண்டன் மிஷன் 1838-இல் தொடங்கிய நெய்யூர் ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தானே இருக்கிறது? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் போட்டார்கள். நோய்க்குக் கோடு தெரியாது. ஆனால் 2020-இல் கொரோனாக் காலத்தில் களியக்காவிளையில் தடுப்பு விழுந்தபோது என்ன ஆயிற்று? அந்தப் பக்கத்து டாக்டரை நம்பியிருந்தவர்கள் இந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். உழைக்கும் இடத்தில் டாக்டர் இல்லையென்றால் நமக்கு டாக்டர் இல்லை என்றுதான் பொருள்.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அங்கே எவரும் ஒரு குடும்ப டாக்டரின் பட்டியலில் பெயர் பதியலாம். முகவரிச் சான்று கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அங்கும் காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு காத்துக்கிடந்த கதைகள் ஏராளம். நம் தமிழர்களும் அதை அனுபவித்தவர்கள். இருந்தாலும், பட்டியலில் பெயர் உள்ளவன் தாமதத்தைத் தட்டிக் கேட்கலாம். பெயரே இல்லாதவன் எதைக் கேட்பான்?

நமக்குச் சட்டமும் இருக்கிறது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, இடமில்லை, வசதியில்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவரது சங்கம் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. 25,000 ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது. வழக்குப் போட்டது ஒரு பணக்காரர் அல்ல, கூலிக்காரர்களின் சங்கம் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஆகவே நாம் கேட்பது நான்கு. ஓ.டி.பி. இல்லாதவர்களுக்காகக் கவுண்டரிலேயே தினமும் ஒரு பகுதி டோக்கனை ஒதுக்கவேண்டும். மாலை ஓ.பி. உண்மையிலேயே ஆறு மணி வரை நடக்கவேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் வேண்டும். ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும், இங்கே குடியிருக்கும் குடும்பங்களின் பெயரைக் குடும்ப நல மையத்தில் எழுதவேண்டும்.

மையங்கள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருப்பதால் மனுவை முதலில் அங்கே கொடுப்போம். தமிழிலேயே கொடுப்போம், குறையை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தர அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு இடம் தருகிறது.

கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஆதாரில் பழைய நம்பர் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். யார் யார் மாற்றவேண்டும் என்று எழுதிக்கொண்டு, வேலை நாளில் சேர்ந்தே அட்சயா மையத்துக்குப் போவோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒருவர், நோயாளியோடு போக முறைவைத்து நிற்கட்டும். நம் பெண்பிள்ளைகள் பலர் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். பெரியவர்களுக்கு இருபது சொற்களாவது சொல்லிக்கொடுக்கட்டும். அதில் முதல் சொல் "பனி".

அந்தச் சகோதரி இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. அடுத்தது உங்களுடையதாக இருக்கட்டும்.