புரட்டாசியில் வந்திறங்கும் பறவைகள்

(தோட்ட மண்டபமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

வழக்கமாக நான் இங்கு வரும்போது டிங்கிக் காய்ச்சல், சேமநிதி, பிள்ளைகளின் படிப்பு என்று ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசுவேன். இன்று பறவைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 'பொழுது போகாதவர்களுக்கு உரிய பேச்சு' என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும், இந்த நாட்டுக்கு வந்து போகும் வெளியூர்ப் பறவைகளைப் பற்றி அறிய வேண்டியவர்களுள் தோட்டத்து மக்களே முதல்வர் என்பது என் கருத்து. விடியற்கருக்கலில் எழுந்து மரத்தடிக்குப் போகிறவர்கள் நீங்கள். பட்டணத்தார் கண்ணில் படாதவை உங்கள் கண்ணில் படுகின்றன.

நமக்கு ஆண்டெல்லாம் ஒரே வெப்பம், ஒரே மழை. வடக்கே சைபீரியா, மங்கோலியா, கொரியா, ஜப்பான், வடசீனம் ஆகிய நாடுகளிலோ செப்டம்பர் பிறந்தால் காற்றில் குளிர் ஏறுகிறது. இலைகள் பழுத்து உதிர்கின்றன. பூச்சி புழுக்கள் மறைகின்றன. பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. உண்மையில் குளிரைவிட உணவின்மையே அவற்றை விரட்டுகிறது. நம் கணக்கில் அது புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்கள். இப்பயணத்திற்குத் தமிழில் 'வலசை' என்று பெயர். தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையை அழைத்து, தம் மனைவியிடம் தூது போகுமாறு வேண்டிய சத்திமுத்தப் புலவரை நம்மில் பலர் பள்ளியில் படித்திருக்கிறோம். பறவைகள் போகும் திசையையும் திரும்பும் திசையையும் அப்புலவர் சரியாகவே அறிந்திருந்தார்.

இனி, நம் தோட்டத்துக்கே வருவோம். பால்மர நிரைகளுக்கிடையில், உதிர்ந்த சருகின்மேல் நடந்து திரியும் சிறு குருவி ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முதுகு பழுப்பு, வெண்மார்பில் இரண்டு கரிய பட்டைகள். வாலாட்டிக் குருவி இனங்கள் எல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் அசையும். இதற்குக் காட்டு வாலாட்டி என்று பெயர். சீனத்தின் கிழக்குப் பகுதியிலும் கொரியாவிலும் சைபீரியாவின் கிழக்கு ஓரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, திறந்த வெளியை விரும்பாமல் மரநிழலைத் தேடி வரும் பறவை இது. நம் ரப்பர் தோட்டம் அதற்கு ஏற்ற இடமாக அமைந்துவிட்டது. இதே பறவையின் வேறு கூட்டங்கள் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் சென்று தங்குகின்றன.

வேலியிலும் மின்கம்பியிலும் தனியே அமர்ந்து, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டியதுபோல் தோன்றும் பழுப்புக் கீச்சானும் வெளியூர்ப் பறவையே. தகைவிலான் குருவியைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகஸ்டு மாதமே வரத் தொடங்கிவிடும். பகலெல்லாம் வெளியில் பூச்சி பிடித்துவிட்டு, இரவில் பட்டணத்துக் கம்பிகளில் ஆயிரக்கணக்கில் நெருங்கி அமர்ந்து உறங்கும். பகாங் மாநிலத்துப் பெந்தோங் பட்டணம் இதற்குப் பெயர் பெற்றது. இருபது கிராம்கூட இல்லாத உயிர் அது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது கையில் ஒரு மூட்டையாவது இருந்தது. இதற்கோ தன் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு ஒன்றே கட்டுச்சோறு.

பெரிய பறவைகளில் தேன்பருந்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மரம் வெட்டும்போது குளவிக் கூட்டைக் கண்டு ஓடாதவர் நம்மில் யார்? இப்பறவை அக்கூட்டைத் தேடிப்போய்க் கிழித்து, உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்னும். கொட்டு விழாதபடி அதன் முகத்தில் சிறு இறகுகள் செதில்போல் நெருங்கி அமைந்திருக்கின்றன. டோக்கியோப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஹிகுச்சி ஹிரோயோஷியும் அவர்தம் குழுவினரும் ஜப்பானில் சில தேன்பருந்துகளின் முதுகில் சிறு கருவியைக் கட்டி, துணைக்கோளின் வழியே அவற்றின் பாதையைக் கண்டறிந்தனர். செப்டம்பரில் ஜப்பானை விட்டுக் கிளம்பிய பறவைகள் கடலைக் கடந்து சீனத்தில் இறங்கி, இந்தோசீனம், தாய்லாந்து வழியாக நம் தீபகற்பத்தின் நெடுக வந்து, சுமத்ராவுக்கும் அதற்கு அப்பாலும் சென்றன. சில பறவைகளின் பயணம் 10,000 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது.

இப்பருந்துகள் ஓயாமல் சிறகடித்துப் பறப்பவை அல்ல. வெயில் ஏறித் தரை சூடாகும்போது மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சறுக்கிக்கொண்டே போகும். ஆகவே காலை ஒன்பது, பத்து மணிக்குமேல்தான், அதாவது நீங்கள் பால் எடுக்கும் நேரத்தில்தான், அவற்றை வானில் காணலாம். கடலின்மேல் அத்தகைய காற்று கிடைப்பது அரிது என்பதால் குறுகிய கடலையே நாடும். மாசி, பங்குனியில் திரும்பும்போது சுமத்ராப் பக்கத்து ரூப்பாட் தீவிலிருந்து போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனைக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து, களைத்துப்போய்த் தலைக்கு மேலே தாழ்ந்து வரும். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய பருந்து காணும் விழாவுக்கு மக்கள் திரளாக வருகின்றனர். பால்மரம் இலையுதிர்த்து நிற்கும் பருவமும் ஏறக்குறைய அதுவே என்பதால், அப்போது நம் தோட்டத்திலும் வானம் நன்றாகத் தெரியும்.

கடலோரத்துச் சேற்று நிலங்களில் இறங்கும் உள்ளான் வகைகளைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. கோலசிலாங்கூர்ப் பக்கம் உறவினர் இருப்பவர்கள் அக்டோபரில் ஒருநாள் போய்ப் பாருங்கள். அங்கு வரும் கூட்டங்களுக்கிடையில் அரிதினும் அரிதாகக் கரண்டிபோன்ற மூக்குடைய சிறு உள்ளான் ஒன்று தென்படக்கூடும். உலகில் அவ்வினம் சில நூறே எஞ்சியிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். பருந்தும் தகைவிலானும் பகலில் பறக்கின்றன. சிறு பறவைகள் பலவும் இரவில்தான் பறக்கின்றன. விண்மீன்களும் பூமியின் காந்த ஆற்றலும் அவற்றுக்கு வழிகாட்டிகள். மழையும் மூடுபனியும் விண்மீன்களை மறைத்துவிடும் இரவில் கீழே பெரிய விளக்கு ஒன்று எரிந்தால், அவை வழி மயங்கி அதையே சுற்றி வந்து களைத்து விழுகின்றன. அல்லது சுவரிலும் கண்ணாடியிலும் மோதுகின்றன. 1960களில் பிரேசர் மலையில் ஆய்வாளர்கள் விளக்கை நாடி வந்த இத்தகைய பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவித்தார்கள்.

தீபாவளியை ஒட்டிய நாட்களில், மழை இரவொன்றில், பச்சையும் நீலமும் சிவப்பும் கலந்த, வால் குட்டையான பறவை ஒன்று வீட்டு வராந்தாவில் வந்து விழுவதுண்டு. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று அழைக்கப்படும் பறவையின் உறவினம் இது. சிங்கப்பூரில் கட்டடங்களில் மோதி விழும் வலசைப் பறவைகளை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் இவ்வினமே மிகுதி எனக் கண்டனர். அழகைப் பார்த்துவிட்டு, 'கூண்டில் வளர்க்கலாம்' என்று நம்மவர் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மண்ணில் புழு பொறுக்கித் தின்னும் பறவை அது. அரிசியும் ரொட்டித் துண்டும் போட்டால் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும்.

அப்படி ஒன்று விழுந்தால் செய்ய வேண்டியது எளிது. காற்றுப் புகத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து, மெல்ல எடுத்து வையுங்கள். பெட்டியை மூடி, நாய் பூனை அணுகாத, ஓசையில்லாத இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலில் ஏறி உயிர் போய்விடும். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதையும் தடுக்க வேண்டும். தெளிந்துவிட்டால், மறுநாள் விடிந்தபின் மரநிழலில் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிறகு ஒடிந்திருந்தால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவுக்குத் தகவல் தர வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடவே வேண்டாம்.

'ஐயா, வானில் இத்தனை ஆயிரம் பறக்கின்றனவே, வலையில் நாலு பிடித்தால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். மஞ்சள் மார்புக் கொட்டுக்குருவி என்றொரு பறவை பின்லாந்திலிருந்து ஜப்பான் வரை கோடிக்கணக்கில் வாழ்ந்தது. வலசை வழியில் சீனத்தில் உணவுக்காக அதை வலைவீசிப் பிடித்தார்கள். 1997இல் அங்கே தடை வந்தும் மறைவில் பிடிப்பது நிற்கவில்லை. 1980க்கும் 2013க்கும் இடையில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அது குறைந்துபோயிற்று. 2017இல் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. பிடித்தவர் ஒவ்வொருவரும் 'நாலுதானே' என்றுதான் நினைத்திருப்பார்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடித்தாலும் வைத்திருந்தாலும் அபராதமும் சிறையும் உண்டு. 2022இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. பிசின் தடவிய குச்சியோடும் உண்டிவில்லோடும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் இளைஞர்களைப் பெற்றோர் தடுத்து வைப்பது நல்லது.

இந்தக் குருவிகள் தோட்டத்துக் கொசுவையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பறவையைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய நீரை நாம்தான் கொட்ட வேண்டும். தகைவிலான் பறக்கும் பூச்சிகளைத் தின்கிறது என்பதும், அடுத்த ஆண்டு அது திரும்பி வர நாம் இடையூறு செய்யாதிருந்தால் போதும் என்பதும் மட்டுமே உண்மை.

இரண்டு வேண்டுகோள்கள். மழை இரவுகளில், காவலுக்குத் தேவையில்லாத வெளி விளக்குகளை அணைத்துவிடுங்கள். தேவையான விளக்குக்கு மேலே மறைப்பு வைத்து ஒளியைத் தரைக்குத் திருப்புங்கள். அடுத்து, காலில் வளையமிட்ட பறவை கிடைத்தால் அதன் எண்ணை எழுதி, கண்ட நாளையும் தோட்டத்தின் பெயரையும் குறித்து வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்புங்கள். உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றக் கூடாது. 1963 முதல் 1971 வரை எலியட் மக்ளூர் என்ற அமெரிக்க அறிஞரின் தலைமையில் ஆசிய நாடுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டார்கள். அவற்றின் வழிகளைப் பற்றி அன்று அறிந்துகொண்டதில் பெரும்பங்கு, வளையத்தைக் கண்டெடுத்துத் தகவல் தந்த சாதாரண மக்களால் கிடைத்தது.

பள்ளி மாணவர்கள் ஒரு பழைய நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகைவிலானைக் கண்ட நாள், முதல் காட்டு வாலாட்டியைக் கண்ட நாள், எந்த நிரையில் கண்டீர்கள் என்பதை அதில் எழுதி வையுங்கள். பங்குனியில் கடைசியாகக் கண்ட நாளையும் எழுதுங்கள். அடுத்த முறை நான் வரும்போது அந்த நாட்காட்டியைப் பார்க்க ஆவலாயிருக்கிறேன்.