கடலுக்குப் போகுமுன் நான்கு கேள்விகள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "கடலுக்கு எப்போது போகிறோம்?" என்பதுதான். அம்பாங்கில் வசிக்கும் எங்களுக்கு மலை பக்கத்தில் இருக்கிறது, கடல் இல்லை. ஆகவே, தோட்டத்து உறவினர்களோடு சேர்ந்து பணம் போட்டு, ஒரு பேருந்தை வாடகைக்கு அமர்த்தி, புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு, போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ விடியற்காலையிலேயே புறப்படுவது எங்கள் வழக்கம். உங்களில் பலருக்கும் இதுவே வழக்கமாக இருக்கும்.

அப்படிப் போன ஒரு பயணத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பசியாறி முடித்தவுடன் பிள்ளைகள் நீரில் இறங்கினார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் இடுப்பளவு நீரில்தான் நின்றுகொண்டிருந்தான். பெரியவர்களாகிய நாங்கள் பாயை விரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், அவன் தலை மட்டும் தூரத்தில் தெரிந்தது. தோட்டத்து ஓடையில் நீந்திப் பழகியவன்தான்; ஆனால் எவ்வளவு நீந்தியும் அவனுக்குக் கரை கிட்டவில்லை. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், கயிறு கட்டிய காலிப் பிளாஸ்டிக் தோம்பு ஒன்றை அவனை நோக்கி வீசினார். பையன் அதைப் பற்றிக்கொண்டான்; பிழைத்தான்.

அந்தக் கரையில் எச்சரிக்கைப் பலகையும் இல்லை; உயிர்காப்பாளரும் இல்லை. அவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம்கூட எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அதுதான் எங்கள் பக்கத்துக் குறை.

ஒரு கடற்கரை நம்பத்தக்கதா என்று எப்படி அறிவது? இதற்கென்றே உலகில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் நீலக்கொடி. 1985ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தொடங்கிய இத்திட்டம், 1987இல் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குப் பரவியது. 2001இல் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றது. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இருந்து இயங்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை இதனை நடத்துகிறது. நீர், பாதுகாப்பு, சுற்றுப்புறம், மக்களுக்குத் தரும் விளக்கம் ஆகிய நான்கு துறைகளில் 33 விதிகளை நிறைவேற்றும் கடற்கரையில்தான் இந்தக் கொடி பறக்கும்.

இது வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 2020இல் இந்தியாவின் எட்டுக் கடற்கரைகள் இக்கொடியைப் பெற்றன. 2021இல் தமிழ்நாட்டின் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் பெற்றன. கேரளத்துக் கோவளம் அல்ல. சென்னைக்குத் தெற்கே இருக்கும் மீனவர் ஊரான கோவளம். நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழகக் கரையில் ஒரு மீனவர் ஊரால் இது முடிந்திருக்கிறது.

ஒருமுறை வாங்கினால் என்றென்றும் நிலைக்கும் பட்டமும் அல்ல இது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 2025இல் விசாகப்பட்டினத்து ருஷிகொண்டா கடற்கரையில், பராமரிப்புக் குறைந்ததால் கொடி இறக்கப்பட்டது. குறைகளைச் சரிசெய்த பிறகே மீண்டும் ஏற்றப்பட்டது.

நாம் போகும் கரையில் நீலக்கொடி பறக்கலாம், பறக்காமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் கொடியைத் தருபவர்கள் கேட்கும் நான்கு கேள்விகளை நாமும் கேட்கலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

முதல் கேள்வி, நீர் சுத்தமா? தெளிவாகத் தெரியும் நீரெல்லாம் சுத்தமான நீர் அல்ல. கலங்கிய நீரெல்லாம் அசுத்தமும் அல்ல. மோரிப் கரை இயற்கையாகவே சேற்றுக் கரை. நோயைத் தருவது சேறு அல்ல. மனிதக் கழிவோடு வரும் கிருமி. கடல்நீரில் ஈ-கோலி என்னும் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 250க்கு மேற்படக் கூடாது என்பது நீலக்கொடியின் அளவு. குளிக்கும் பருவத்தில் 31 நாளுக்கு ஒருமுறையாவது நீரை எடுத்துச் சோதித்து, அதன் முடிவை எல்லாரும் பார்க்கும்படி கரையிலேயே எழுதி வைக்கவேண்டும். நம்மிடம் சோதனைக்கூடம் இல்லை. கண்ணும் மூக்கும் இருக்கின்றன. சாக்கடையோ கால்வாயோ கடலில் விழும் இடத்திற்குப் பக்கத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். பெருமழை பெய்த மறுநாளும் குளிக்கவேண்டாம். ஊர் அழுக்கையெல்லாம் மழைநீர் கடலுக்குக் கொண்டுவந்திருக்கும். நீரை விழுங்கக்கூடாது என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது கேள்வி, காப்பாற்ற ஆள் உண்டா? நீலக்கொடிக் கரையில் உயிர்காப்பாளரோ உயிர்காக்கும் சாதனங்களோ இருக்கவேண்டும். முதலுதவிப் பெட்டியும் இருக்கவேண்டும். மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவே உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அங்கே மட்டும் குளியுங்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் நீரில் கால் வைக்காதீர்கள்.

ஓடையிலும் ஈயக்குட்டையிலும் நீந்தத் தெரிந்தவன் கடலிலும் நீந்துவான் என்று நம்புவது பெருந்தவறு. அந்தப் பையனை இழுத்துப் போனது கடலுக்குள் திரும்பும் நீரோட்டம். அதை எதிர்த்து நீந்தினால் களைப்புத்தான் மிஞ்சும். பதறாமல் மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிடவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரைக்குத் திரும்பவேண்டும். கரையில் இருப்பவர்கள் கண்மூடித்தனமாகக் குதிக்கவேண்டாம். கயிறு, தோம்பு, மூடிய காலிப் போத்தல், எது கையில் கிடைத்தாலும் வீசுங்கள், 999க்கு அழையுங்கள். சேலையோடு கடலில் இறங்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும். முழங்காலுக்கு மேல் நீர் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பெரியவர் என்று முறைபோட்டு, பேச்சில்லாமல், கைப்பேசி இல்லாமல், பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்க வையுங்கள். அந்தப் பயணத்திற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் இது சட்டம்.

மூன்றாவது கேள்வி, பலகை என்ன சொல்கிறது? கரையின் வரைபடம், ஆபத்தான இடம், நடந்துகொள்ளவேண்டிய முறை எல்லாம் பலகையில் இருக்கவேண்டும் என்பது விதி. மலாய்மொழியில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'பஹாயா' என்றால் ஆபத்து. 'டிலாராங் மண்டி' என்றால் குளிக்கத் தடை. இந்த இரண்டையும் பாட்டிமாரும் தெரிந்துகொள்ளலாம். பலகையே இல்லையென்றால், பக்கத்துக் கடைக்காரரையோ மீனவரையோ கேளுங்கள். எங்கே ஆழம், எங்கே இழுப்பு என்பது அவருக்குத் தெரியும்.

நான்காவது கேள்வி நம்மைப் பற்றியது. இந்தக் கரையை நாம் எப்படி விட்டுப்போகிறோம்? நீலக்கொடிக் கரையில் குப்பைத்தொட்டியும் கழிப்பறையும் இருக்கும். கண்ட இடத்தில் வண்டி ஓட்டவோ குப்பை கொட்டவோ விடமாட்டார்கள். ஆனால் கரையொதுங்கிய கடற்பாசியைக் குப்பை என்று வாரமாட்டார்கள். அது கடலின் சொத்து. சோற்றுப் பொட்டலமும் பிளாஸ்டிக் பையும் நம்முடையவை. அவற்றை நாமே ஒரு மூட்டையில் கட்டி எடுத்துவரவேண்டும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அம்பாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை அம்பாங் ஆற்றில் விழுகிறது. அம்பாங் ஆறு கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. கிள்ளான் ஆறு கோலாலம்பூரின் நடுவே ஓடி, கிள்ளான் துறைமுகத்தருகே மலாக்கா நீரிணையில் சேர்கிறது. உங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயும் இப்படித்தான், ஏதோ ஓர் ஆற்றின் வழியாகக் கடலுக்கே போகிறது. இன்று நாம் அதில் வீசும் பையும் ஊற்றும் எண்ணெயும், அடுத்த விடுமுறைக்கு நம் பிள்ளைகள் குளிக்கும் கடலில் நமக்கு முன்னே போய்க் காத்திருக்கும். கடல் நமக்குத் தூரமாக இருக்கலாம். கடலுக்கு நாம் தூரமில்லை.

ஆகவே நேயர்களே, அடுத்த பயணத்துக்குப் பணம் சேர்க்கும்போதே நீண்ட கயிறு ஒன்றும், மூடியுள்ள காலித் தோம்பு ஒன்றும், குப்பை கட்டப் பெரிய பை இரண்டும் பேருந்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். புறப்படும்போது எண்ணிய பிள்ளைகளைத் திரும்பும்போதும் எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால், அதைவிட இனிய சுற்றுலா வேறில்லை.