பள்ளிக்கு வந்த பணம்



கிடர்பூர் உழைப்பாளிகளின் ஊர். 1892-இல் இங்கே கப்பல் துறை திறக்கப்பட்டது. பல மாநில மக்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். மூட்டை சுமக்கும் தகப்பன் என்ன நினைப்பார்? தன் பிள்ளையாவது படிக்கட்டும் என்றுதானே நினைப்பார்?

அந்தப் பிள்ளை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு ஒருவர் நன்கொடை தருகிறார். அதை எப்படிச் செலவு செய்வது? வாசலில் வளைவு கட்டலாம் என்பார் ஒருவர். கம்ப்யூட்டர் வாங்கலாம் என்பார் இன்னொருவர். எது சரி?

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி கண்டார்கள். அப்போது அது சென்னை மாநிலம். காமராசர் முதலமைச்சர். நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். அதைப் பார்த்து ஊர் மக்கள் உதவினார்கள். பெஞ்சு, கரும்பலகை, சாப்பாட்டுத் தட்டு, சீருடை எல்லாம் வந்தன. முதலில் பட்டியல், பிறகு பணம். இதுதான் அந்த வழி.

கிடர்பூரிலும் பட்டியல் போடலாம். ஆசிரியரைக் கேளுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். குடிநீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பள்ளியில் இருக்க வேண்டும். இது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அரசுப் பள்ளியில் அவை இல்லையா? அரசிடம் மனுக் கொடுங்கள். அரசு செய்ய வேண்டியதற்கு நன்கொடையைக் கரைக்க வேண்டாம்.

மீதி உள்ளதற்கு நன்கொடை உதவும். கொல்கத்தாவில் பெருமழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். ஹூக்ளி ஆற்றில் ஓதம் ஏறினால் வடியவும் நேரமாகும். ஆகவே புத்தக அலமாரியை உயரமான மேடைமேல் வையுங்கள். பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியில் கதைப் புத்தகம் வாங்குங்கள். பந்து, கயிறு வாங்குங்கள்.

எல்லாப் பணத்தையும் ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். குழாய் வாங்குவது ஒரு நாள் செலவு. அது ஒழுகினால் சரி செய்வது வருடா வருடம் வரும் செலவு. அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

கணக்கை யார் பார்ப்பது? அரசுப் பள்ளிக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். வரவையும் செலவையும் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நேற்று வரை ரசீதில் கைநாட்டு வைத்தவர்கள் இன்று அதைப் படிக்கிறார்கள். கடைக்காரர் எழுதிய தொகை சரியா என்று கூட்டிப் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் பணத்துக்கு இதைவிட நல்ல காவல் வேறில்லை.