அடுத்து வருபவர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனிதனது நல்லொழுக்கத்தைப் பற்றி நம்மைப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பிறர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது எவருக்கும் எளிது. அதிற் பயிற்சியில்லாதவர் இவ்வவையில் ஒருவருமிலர். ஆகவே நூல்களைத் தேடிச் செல்லாமல், கண்ணெதிரே இருக்கும் குற்றாலத்தையும் தென்காசியையுமே ஆசிரியராகக் கொண்டு சில கூறுவோம்.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று மலைமுகட்டிற் சாரலைப் பொழிய, சிற்றாறு பேரருவியாக இறங்குகின்றது. அங்கே நீராட வருவோருள் பட்டம் பெற்றவரும் உண்டு. பட்டா பெற்றவரும் உண்டு. இரண்டும் பெறாது ஒரு துண்டை மட்டும் பெற்றவரும் உண்டு. அங்கவஸ்திரத்தைக் களைந்து கரையில் வைக்கும்போதே அந்தஸ்தையும் களைந்து வைத்துவிட வேண்டியதுதான். அருவி எந்தத் தலையையும் விசாரித்து விழுவதில்லை.

ஆனால், அந்தஸ்து நீங்கிய இடத்திற் சுபாவம் வெளிப்படுகின்றது. கரையில் நின்று முறைக்காகக் காத்திருப்பவரைக் கவனியுங்கள். நீதியின் நுட்பத்தை அவரினும் நன்கறிந்தவர் இலர். "உள்ளே நிற்பவர்கள் இத்தனை நாழிகையா நிற்பது? நாமும் மனிதரல்லவோ?" என்கிறார். சிறிது நேரத்தில் அவருக்கும் இடம் கிடைக்கின்றது. நீர் தலையில் விழுந்த கணமே அந்த நீதிநூல் முழுவதும் கரைந்துபோகின்றது. கரையிலுள்ளோர் கூவுவது அருவியின் இரைச்சலில் அவர் செவிக்கு எட்டுவதில்லை. எட்டினாலும், வேறு எவரையோ குறித்தது என்று கொள்கிறார். ஐந்தடி நடப்பதற்குள் ஒருவருடைய தர்மம் மாறிவிடுமாயின், அது தர்மமன்று; நிற்கும் இடத்தின் வசதியே என்க.

நாம் விட்ட நீர் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. அது தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியிற் கலக்கின்றது. நம் தலை குளிர்ந்ததும் நம் காரியம் முடிந்தது. ஆற்றின் காரியமோ அப்போதுதான் தொடங்குகின்றது. அருவியில் எண்ணெயும் சோப்பும் கூடாவென்று நீதிமன்றமே தடை விதிக்கும் நிலை வந்தது. கீழே ஓர் ஊர் இருக்கின்றது என்பதை நினைவூட்டவும் நமக்கு ஒரு நீதிபதி தேவைப்படுகின்றார்!

அடுத்தவரை எண்ணுவது இன்பத்திற்கு இடையூறென்று சிலர் கருதுவர். குற்றாலத்தில் தம் பிற்காலத்தைக் கழித்து 1954-ஆம் ஆண்டில் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வாழ்க்கை அதற்கு மறுப்பாகும். ஒரு கவியை அவர் தனியே சுவைத்து மூடி வைத்ததில்லை; நண்பருக்குச் சொல்லி, அவர் முகம் மலர்வதைக் கண்டு மீண்டும் சுவைப்பார். திருநெல்வேலியில் அவர் இல்லத்திற் கூடிய 'வட்டத்தொட்டி' இவ்வாறு வளர்ந்ததே. ராஜாஜியும் கல்கியும் அவரை நாடிக் குற்றாலம் வந்தனர். பலகாரத்தைப் பங்கிட்டால் இலையிற் குறையும்; ரசனையைப் பங்கிட்டால் இருவரிடமும் முழுமையாக நிற்கும்.

இனித் தென்காசிக்கு வருவோம். காசி விசுவநாதர் ஆலயத்தை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் அவ்வாலயம் பழுதுறுமாயின், அதனைத் திருத்திக் காப்பவர் எவராயினும் அவர் அடியைத் தான் பணிவதாக அம்மன்னன் கல்லில் வெட்டுவித்தான். இன்று மின்விசிறி ஒன்றை உபயம் செய்பவர் அதன் மூன்று இறகுகளிலும் தம் பெயரைத் தீட்டுவிக்கிறார். அது சுழன்றாற் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தாற் காற்று வராது. மன்னனோ பெருங்கோயிலைக் கட்டிவிட்டு, இன்னும் பிறவாத ஒருவரை வணங்கினான்.

அவன் அஞ்சியவாறே கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. பின்னர் ஒன்பது நிலைகளுடன், ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்து, 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அதைத் திருத்தியவர்களுக்குரிய நன்றி, ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது அன்றோ!

சகோதரர்களே! அடிக்கல் நாட்டும் விழாவிற்கு ஆயிரம் பேர் வருவர். ஒழுகும் கூரையைச் செப்பனிட ஏணி பிடிக்க இருவர் அகப்படுவதில்லை. பதவியும் ஓர் அருவியே. வெளியே நிற்கும்போது நாம் உரைத்த நீதி, உள்ளே நிற்கும்போதும் நம் நினைவில் இருக்க வேண்டும். வீட்டுச் சாவிக்கொத்தை மருமகளிடம் தக்க காலத்தில் ஒப்புவிக்கும் மாமியாரும், சங்கக் கணக்கை ஐயத்துக்கிடமின்றி எழுதி அடுத்த பொக்கிஷதாரரிடம் சேர்ப்பிக்கும் காரியதரிசியும் அப்பாண்டியனின் மரபினரே.

முன்னோர் நமக்கு விட்டுச்சென்றவற்றைப் பெருமையுடன் எண்ணுகின்றோம். அதனினும் கடினமானது, நமக்குப் பின் வருபவர் முகம் சுளியாதபடி இடத்தை விட்டுச்செல்வது. அவர் யாரென்று நாம் அறியோம். அவரும் நம் பெயரை அறியாமற் போகலாம். இடம் தூய்மையாயிருந்தால் அதுவே போதும்.