ஒரே மெட்டு, இரண்டு மொழி



நமக்கு மனப்பாடமான ஒரு பாட்டு, திடீரென்று வேறு மொழியில் காதில் விழுந்தால் எப்படி இருக்கும்? நம் வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டு வாசலில் நின்று, நமக்குப் புரியாத மொழியில் பேசுவதைப் போல இருக்கும். அந்த அனுபவத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1992-ஆம் ஆண்டு 'ரோஜா' திரைப்படம் வந்தபோது, நாங்கள் கெடாவில், பீடோங்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த முதல் தமிழ்ப்படம் அது. 'சின்னச் சின்ன ஆசை' கேட்காத நாள் எங்கள் லயத்தில் இல்லை. பால் வெட்டப் போகும் என் தாயார், இருட்டிலேயே அதை முணுமுணுத்துக்கொண்டு போவார்.

சில காலம் கழித்து, சுங்கைப் பட்டாணிக்குப் போன என் அண்ணன் ஓர் ஒலிநாடா வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தால் அதே மெட்டு, அதே மின்மினியின் குரல். சொற்கள் மட்டும் இந்தி! உறையைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டார்.

"நிறுத்துடா, நம்ம பாட்டக் கெடுத்து வெச்சிருக்கானுங்க" என்றார் தாயார்.

அப்போது முட்டை கொண்டுவந்த கம்பத்து மலாய் அம்மையார் வாசலில் நின்று தலையசைத்தார். "இந்தப் பாட்டு எனக்குத் தெரியுமே, காக்" என்றார். "இது எங்க தமிழ்ப் பாட்டு" என்று தாயார் மலாயிலேயே சற்றுக் காரமாகச் சொன்னார். "அப்படியா? அதையும் போடுங்கள், கேட்போம்" என்று அவர் திண்ணையில் அமர்ந்துவிட்டார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம்.

அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். 'சின்னச் சின்ன' என்னும்போது மெய்யெழுத்து இரட்டித்து, பாட்டு துள்ளுகிறது. இந்தியில் 'தில் ஹை சோட்டா ஸா' என்னும்போது நெடில்கள் வரிசையாக வந்து, குரல் நீள்கிறது. தமிழில் முதலில் சின்னதாக வருவது ஆசை. இந்தியில் முதலில் சின்னதாக வருவது உள்ளம். மெட்டு ஒன்றுதான், மொழி அதை வேறு நடையில் நடக்க வைக்கிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. பீட்டில்ஸ் குழுவினர் 1964 ஜனவரி 29 அன்று பாரிஸ் நகரில், தங்கள் புகழ்பெற்ற இரண்டு ஆங்கிலப் பாடல்களை ஜெர்மன் மொழியில் பாடிப் பதிவு செய்தனர். ஜெர்மன் மொழியில் பாடினால்தான் அந்நாட்டில் விற்பனை பெருகும் என்று அங்குள்ள இசைத்தட்டு நிறுவனத்தார் கருதியதே காரணம். ஒரு பாடலுக்குப் பழைய வாத்தியப் பதிவே பயன்பட்டது. மற்றொன்றுக்கு மூலப்பதிவு இல்லாததால் வாத்தியங்களையும் மீண்டும் வாசிக்க வேண்டியதாயிற்று.

பீட்டர் கேப்ரியல் என்ற ஆங்கில ராக் பாடகர் இதைவிடப் பெரிய முயற்சி செய்தார். 1980-இல் வெளிவந்த தம் மூன்றாவது இசைத்தொகுப்பு முழுவதையும் ஜெர்மன் மொழியிலும் பாடி வெளியிட்டார். 1982-இல் நான்காவதையும் அவ்வாறே செய்தார். அவற்றில் ஒரு பாடலின் தலைப்பு 'எல்லையற்ற விளையாட்டு' என்று பொருள்படும். அதன் ஜெர்மன் வடிவம், அந்நாட்டுத் தொலைக்காட்சியில் எல்லாரும் அறிந்த ஒரு விளையாட்டு நிகழ்ச்சியின் பெயர். ஆங்கிலத்தில் சற்று அயலாக ஒலித்த பெயர், ஜெர்மனுக்கு வந்ததும் தாய்வீட்டுக்கு வந்தது போலாயிற்று. ஆகவே, மொழி மாறினால் பாட்டு தேய்ந்துதான் போகும் என்று சொல்வதற்கில்லை.

நேயர்களே, நம் பிள்ளைகள் இன்று பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசி வளர்கிறார்கள். பிறமொழி காதில் விழுந்தாலே தமிழ் தேய்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறோம். தமிழ்ப் பாட்டை முதலில் நன்றாக அறிந்திருந்ததால்தான், இந்திப் பாட்டின் வேற்றுமை எங்களுக்குப் புலப்பட்டது. தம் மொழியை ஆழக் கற்ற பிள்ளைக்குப் பிறமொழி இழப்பன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்ணாடி. அந்த முதல் கல்வியைத் தருவது நம் பொறுப்பு.

அந்த இந்தி ஒலிநாடாவைத் தாயார் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. கம்பத்து அம்மையார் வரும் நாட்களில் அவரே அதை எடுத்துப் போடுவார். அடுத்துத் தமிழ் நாடாவையும் மறவாமல் போடுவார்.